ஏட்டைத் திறக்காதவர்களின் மரபு

ஒருபாலீர்ப்பும் பால்மாற்றமும் மேல்நாட்டுச் சரக்கு, எந்த மதத்து வேதத்திலும் அவற்றுக்கு இடம் கிடையாது என்ற பேச்சு டெல்லியில் ஓய்வதே இல்லை. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்தியதும், ஒரே மேடையில் உட்காராதவர்கள்கூட ஒன்றாக உச்ச நீதிமன்றப் படியேறினார்கள்: ஒரு ஜோதிடர், முஸ்லிம் தனிச் சட்ட வாரியம், கிறித்தவச் சபைகளின் கூட்டமைப்பு. 2013இல் வென்றும் விட்டார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு மறுபடி தளர்ந்தது.

மரபைக் காக்கப் புறப்பட்ட இவர்கள் ஜாமா மசூதியின் கிழக்கு வாசல் பக்கம் போயிருக்கிறார்களா? அங்கே சிவப்புச் சாயம் பூசிய தர்காவில் அடங்கியிருப்பவர் ஸர்மத். பாரசீக யூதக் குடும்பத்தில் பிறந்து, யூத நூல்களைக் கற்று, இஸ்லாத்துக்கு மாறி, வணிகராகச் சிந்துவின் தட்டா நகருக்கு வந்தவர். அபய் சந்த் என்ற இந்து இளைஞரிடம் மனதைப் பறிகொடுத்து, சரக்கையும் துணியையும் துறந்தார். அவரிடம் பாடம் கேட்ட அபய் சந்த், யூத வேதமான தோராவின் தொடக்கப் பகுதியைப் பாரசீகத்தில் பெயர்த்தார். 17ஆம் நூற்றாண்டின் ‘தபிஸ்தானே மஸாஹிப்’ நூலில் அது இருக்கிறது. முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் அன்பைப் பெற்ற ஸர்மத்தின் தலையை ஔரங்கசீப் ஆட்சியில் வெட்டினார்கள். அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணங்கள் நிர்வாணமும், இஸ்லாமிய நம்பிக்கை மொழியான கலிமாவைப் பாதியில் நிறுத்தியதும்.

‘அது ஆன்மிகக் காதல்’ என்று உடனே ஒருவர் கை தூக்குவார். இருக்கட்டும்; இன்றைய அடையாளங்களை அவர்மேல் ஒட்டுவதும் தப்புதான். ஆனால் பக்தர்கள் நாயகன் நாயகி பாவத்தில் பாடுவதால் ஆண் பெண் காதலே பொய் என்று எவரும் சாதிப்பதில்லையே!

ஸர்மத் பிறந்த யூத மரபின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஆண் பெண் என்று பிரிக்க முடியாத ‘அந்த்ரோகினோஸ்’ எந்தக் கடமையில் யாரைப் போல என்று நுணுக்கமாக அலசுகிறது. ரபி யோசே அவரைத் தனிப் படைப்பு என்றே சொல்லிவிட்டார். 2003இல் பெனாய் லாப்பே சிகாகோவில் தொடங்கிய ‘ஸ்வாரா’ பாடசாலையில் பால்புதுமையரும் திருநரும் இருவர் இருவராக உட்கார்ந்து, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூதை மூல மொழியிலேயே படிக்கிறார்கள். தோராவின் லேவியராகமத்தில் ஆணோடு ஆண் கூடுவதற்குக் கடுமையான தடை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தோற்ற கருத்தையும் அழிக்காமல் ஜெயித்த கருத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பது தல்மூதின் வழக்கம். பழைய நூல்களே வேண்டாம் என்று ஒதுங்கும் நம்மூர் முற்போக்காளர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ரூத் வனிதாவும் சலீம் கித்வாயும் ஒதுங்கவில்லை. பல இந்திய மொழி நூல்களிலிருந்து ஒருபால் அன்பின் தடங்களைத் திரட்டி 2000இல் வெளியிட்டார்கள். இறக்குமதி என்று கத்துபவர்கள் அந்தத் தொகுப்பைப் புரட்டலாம். 377தான் பிரிட்டிஷ்காரர் 1860இல் இயற்றிய சட்டம். கிருத்திவாசரின் வங்க ராமாயணத்தின் சில பிரதிகளிலோ, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் திலீபனின் இரு விதவை ராணியர் கூடிப் பெற்ற பிள்ளை.