பதினெட்டு வயதிற்குப் பின்

அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய மகனுக்கு 18 வயது நிறைந்த அன்றே, சட்டத்தின் பார்வையில் பெற்றோர் அவனுக்குக் காப்பாளர் அல்லர். இதனைப் பலர் வங்கியிலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ நின்று கையைப் பிசையும்போதுதான் அறிகின்றனர். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி கண்டுள்ளது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தால், தேவையை ஆராய்ந்து அக்குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். வழி உண்டு, சொல்வார்தாம் அரியர். ஊனச் சான்று வழங்கிய அரசிடம் பிள்ளையின் பிறந்த நாள் இருக்கிறதன்றோ? 17ஆம் வயதிலேயே அவ்வீட்டிற்கு ஒரு மடல் விடுக்கலாகாதா? குழுவும் மாவட்டத் தலைநகரிலேயே அமர்ந்திராமல் வட்டந்தோறும் சென்று கூடலாம். வளர்ந்த மகனின் கைப்பற்றிப் பேருந்தேறி வரும் முதிய தாய்க்கு அப்பயணம் ஒருமுறையோடு முடிவதில்லை. 'எனக்குப் பின் இவனுக்கு யார்?' என்னும் அவளது வினாவை, அவளது ஊரிலேயே சென்று கேட்பது அலுவலர்க்கு அரைநாள் வேலை.