கறுப்புத் திரையைக் கண்டு ஒதுங்காதீர்கள்

டெர்மினலைத் திறந்தாலே "இதெல்லாம் ஐ.டி.காரங்க வேலை தோழர்" என்று ஒதுங்கும் பழக்கம் நம் இளைஞர்களிடம் இருக்கிறது. இதை வெறும் கூச்சம் என்று நாம் கடந்துபோகத் தயாரில்லை. எழுத்து சிலருக்கு மட்டுமே என்று விதித்த சமூகம் இது. இன்று அந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. "நமக்கு வராது" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்ட கணினிகள் வந்தன. எத்தனை வகுப்பறைகளில் அதைத் திறந்து காட்டினார்கள்? பொருளைக் கொடுத்தார்கள், அறிவைக் கொடுக்கவில்லை.

இதனால் என்ன இழப்பு என்கிறீர்களா? சேரிக்குள் புகுந்து வீடுகளை நொறுக்குகிறார்கள். நம் பிள்ளைகள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சுருங்கி, தரம் குறைந்து, வேறு கோப்பாகவே மாறிவிடுகிறது. பல மாதம் கழித்து வழக்கறிஞர் மூலக்கோப்பைக் கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரு துளி மாறினாலும் அது மாறிவிடும். லினக்ஸில் அதை எடுக்க ஒரே வரி போதும்: 'எஸ்ஹெச்ஏ256சம்' என்று அடித்து, இடைவெளி விட்டு, கோப்பின் பெயர். எழுத்தும் எண்ணுமாக 64 குறிகள் வரும். காசு வேண்டாம், இணையம்கூட வேண்டாம்.

அதோடு இன்னும் சில. 'எம்கேடிஐஆர்' வழக்குக்கு ஒரு கோப்புறை உண்டாக்கும். 'சிடி' அதற்குள் போகும். 'எல்எஸ்' உள்ளே இருப்பதைக் காட்டும். 'சிபி -பி' தேதியும் நேரமும் மாறாமல் நகலெடுக்கும். 'ஆர்எம்' அழிக்கும், அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். அதனால் செல்போனில் உள்ள மூலத்தைத் தொடவே கூடாது. தொலைவில் இருக்கும் கணினியில் பெரிய வேலை ஓடும்போது நெட் அறுந்தால்? முதலிலேயே 'ஸ்கிரீன்' என்று அடித்துத் தொடங்குங்கள். இணைப்பு போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். 'ஸ்கிரீன் -ஆர்' என்று அடித்து மீண்டும் பிடித்துக்கொள்ளலாம்.

"களத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் இது எதற்கு" என்று கேட்கும் மூத்த தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015 திருத்தம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் தனி உரிமைகளைத் தந்தது. ஆனாலும் சாட்சிகள் பிறழ்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் அதே ஊரில், அதே ஆதிக்கத்தின் நிழலில் வாழ வேண்டியிருக்கிறது. மனிதரை மிரட்டலாம். ஒழுங்காகப் பாதுகாத்து, கைரேகை எடுத்து வைத்த கோப்பை மிரட்ட முடியாது. களத்தில் சிந்திய ரத்தம் நீதிமன்றத்தில் வீணாகாமல் காப்பதும் களப்பணிதான்.

ஒவ்வொரு அம்பேத்கர் இரவுப் பாடசாலையிலும் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குவோம். ஒரு பழைய மடிக்கணினி போதும். தெரிந்தவர் இருவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இவை சிறு சிறு கட்டளைகள்தான், கை பழகினால் போதும். அண்ணல் 'கற்பி' என்றதற்கு இந்தக் கறுப்புத் திரையும் விலக்கல்ல.

ஜெய்பீம்!