வாங்கத் தெரிஞ்ச போஸ்ட் ஆபீஸ், கொடுக்கக் கத்துக்குமா?

ஃப்ரெண்ட்ஸ், கடைசியா எப்போ போஸ்ட் ஆபீஸ் வாசப்படி மிதிச்சீங்க? ஏதோ வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பப் போனதோட சரியா? இதே கேள்வியை உங்க பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. 'போன வாரம்தான் பணம் எடுத்துட்டு வந்தேன்'னு பதில் வரலாம். நமக்கு அது தபால் ஆபீஸ். அவங்களுக்கு அதுதான் பேங்க்.

இந்த ஐடியா ரொம்பப் பழசு. பிரிட்டனில் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது, 1861-ல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. ஒரு ஷில்லிங் கையில் இருந்தால் போதும், கணக்கு ஆரம்பிக்கலாம். கூலி வேலை பார்ப்பவர் பெரிய பேங்க் வாசலுக்குப் போகவே கூச்சப்பட்ட காலம் அது. இந்தியாவில் 1882-ல் நாடு முழுக்க இதே ஏற்பாடு வந்தது. நம்ம சென்னைக்கும் இதுல ஒரு பெருமை உண்டு. நாட்டின் முதல் அஞ்சலக ஏ.டி.எம். 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது நம்ம தி.நகரில்தான்!

அடுத்த ஜம்ப், 2018 செப்டம்பர் 1. 'இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க்' 650 கிளைகளோடு நாடு முழுக்க ஆரம்பமானது. போஸ்ட்மேன் கையில் ஒரு மெஷின். விரலை வைத்தால், வேறு பேங்க் கணக்கில் இருக்கும் பணத்தைக்கூட வீட்டுத் திண்ணையிலேயே எண்ணிக் கொடுப்பார். 2020 ஊரடங்கில் பஸ் ஓடாமல், வெளியே போக முடியாமல் முடங்கியிருந்த எத்தனையோ பெரியவர்களுக்கு இப்படித்தான் பணம் போய்ச் சேர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, சூப்பர் வேலை!

அப்புறம் என்ன பிரச்னைங்கறீங்களா? இருக்கு பாஸ்.

இந்த பேங்க் பணத்தை வாங்கும், அனுப்பும், எடுத்துக் கொடுக்கும். கடன் மட்டும் தராது. தரவும் கூடாது. 'பேமென்ட்ஸ் பேங்க்' வகைக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதி அது. ஒருவர் கணக்கில் 2 லட்சம் வரைதான் வைத்திருக்கலாம். சேர்கிற பணத்தில் குறைந்தது 75 சதவீதத்தை அரசுக் கடன் பத்திரங்களில்தான் போட வேண்டும். பழைய அஞ்சலகச் சேமிப்புப் பணமும் அரசாங்கத்தின் சிறுசேமிப்பு நிதிக்குத்தான் போகிறது. கிராமத்தில் இருந்து பணம் டெல்லிக்கு ஏறுது. திரும்பக் கடனா அதே தெருவுக்கு இறங்க வழி இல்லை.

இதை உங்க வீட்டுக் கணக்கா போட்டுப் பாருங்க. அம்மா போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வைத்தால், 4 சதவீத வட்டி. வருஷத்துக்கு 400 ரூபாய் கிடைக்கும். அதே அம்மா உங்க செமஸ்டர் ஃபீஸுக்காக பக்கத்துத் தெருவில் 10,000 கடன் வாங்கினால்? நூத்துக்கு மூணு வட்டின்னு சொல்வாங்க. கேட்க சின்னதா இருக்கும். ஆனா அது மாச வட்டி. வருஷத்துக்கு 36 சதவீதம், 3,600 ரூபாய்! வாங்கறது 400, கொடுக்கறது 3,600. நடுவுல காணாமப் போற 3,200 ரூபாய் யாரோட உழைப்பு?

அஞ்சல் துறை முழு பேங்க் லைசென்ஸுக்கும் விண்ணப்பித்துப் பார்த்தது. 2014-ல் ரிசர்வ் வங்கி ஓகே சொன்ன இரண்டு பேர் பட்டியலில் அதன் பெயர் இல்லை. 2015-ல் கிடைத்தது பேமென்ட்ஸ் பேங்க் அனுமதிதான். ஆனால் பிரான்ஸில் 2006-ல் தபால் துறையின் கீழ் ஆரம்பித்த 'லா பாங்க் போஸ்டல்' முழு பேங்க். வீட்டுக் கடனெல்லாம் கொடுக்குது. அங்கே முடியும்னா இங்கே ஏன் முடியாது?

அவசரப்பட வேண்டாம், எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுடுவோம். கடன் கொடுத்தால் வசூலிக்கணும். தவணை கட்டாத வீட்டு வாசலில் போய் நிற்கப் போவது யார்? அதே போஸ்ட்மேன்! சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்த பாட்டி, 'நான் வீட்ல இல்லைன்னு சொல்லு'ன்னு பேரனை வாசலுக்கு அனுப்ப ஆரம்பிச்சா, அந்த மெஷினை நம்பி யார் விரல் வைப்பாங்க? கடன் திரும்பி வராமல் போனால், அடி விழுவது மத்தவங்க சேமிப்பு மேல. இந்தப் பயம் நியாயமானதுதான்.

அதனால என் கட்சி இதுதான். கடன் வரட்டும், ஆனா சின்னதா வரட்டும். ஃபீஸுக்கு, ஆட்டுக்குட்டி வாங்க, தையல் மெஷின் வாங்க. பல வருஷம் விடாமல் சேமித்த பாஸ்புக்கே அதற்குச் சாட்சியாக இருக்கட்டும். வசூல் வேலை மட்டும் போஸ்ட்மேன் தலையில் விழக்கூடாது. அதற்கு வேறு ஆள், வேறு ஏற்பாடு வேணும்.

எகனாமிக்ஸ், காமர்ஸ் படிக்கிற மக்களே, ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையறீங்களா? உங்க தெருவில் பத்து வீட்டில் கேளுங்க: சேமிப்புக்கு என்ன வட்டி வருது, கடனுக்கு என்ன வட்டி போகுது? இரண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. முதல் வீடு உங்க வீடாவே இருக்கட்டும்.