அந்த நாள் கணிப்பொறியும் இந்த நாள் காவலும்

பி.எஸ்ஸி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு

“அந்தக் காலத்துக் கணிப்பொறியைப் போல வருமா?” என்று பெருமூச்சு விடுவோர் இன்றும் பலர் உள்ளனர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள், கரகரவென்று ஒலித்து ஓடும் பிளாப்பி, ஒவ்வொரு கோப்பாகச் சோதித்து நகரும் ஆன்டிவைரஸ் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் இந்தப் பேச்சைத் தொடங்கினால் வகுப்பு முடியும் மணிகூட அவர் காதில் விழாது. இருபது வயதான நான் அக்காலத்தைக் கண்டதில்லை. ஆயினும் அவர்களுடைய ஏக்கத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று எண்ணிப் பார்ப்பது மாணவர் கடமை என்றே கருதுகிறேன்.

வரலாற்றைச் சிறிது காண்போம். 1983-ஆம் ஆண்டில் பிரெட் கோஹன் என்னும் அமெரிக்க மாணவர், பிற நிரல்களுக்குள் தன்னையே படியெடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றைச் செய்து காட்டினார். அதற்கு ‘வைரஸ்’ என்னும் பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஆடில்மன். 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் பாசித், அம்ஜத் என்னும் சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் எனப்படுகிறது. அதற்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அவர்களே எழுதி வைத்திருந்தனர்! இன்றைய திருடன் எவனாவது முகவரி தந்துவிட்டுப் போவானா?

பிளாப்பியின் முதற்பகுதியில் குடியேறிய பிரெய்ன், யாரேனும் அப்பகுதியைப் படிக்க முயன்றால், வேறிடத்தில் ஒளித்து வைத்திருந்த பழைய பகுதியை எடுத்துக் காட்டி ஏமாற்றியது. இத்தகைய ஏமாற்றுகளைக் கண்ட அக்காலத்தார் ஒரு நல்ல பழக்கத்தைக் கைக்கொண்டனர். தூய பிளாப்பி ஒன்றைத் தனியே வைத்திருந்து, அதைக்கொண்டு கணிப்பொறியைத் தொடக்கிய பிறகே சோதனை செய்தனர். அந்தப் பிளாப்பியின் ஓரத்திலுள்ள சிறு வெட்டை ஓர் ஒட்டுத்துண்டால் மூடிவிட்டால், இயக்கி அதில் எதையும் எழுதாது. காசு பெறாத அந்தத் துண்டைத் தாண்ட வைரஸால் முடியவில்லை!

அக்கால ஆன்டிவைரஸ் செய்த வேலையும் எளிதானதே. ஒவ்வொரு வைரஸுக்கும் உரிய எண்வரிசை ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அது எந்தக் கோப்பில் இருக்கிறதென்று தேடும். பிடிபட்ட திருடர்களின் கைரேகைப் பட்டியல் போன்றது அது. பட்டியலில் இல்லாத புதுத் திருடன் வந்தால் கண்டுகொள்ளாது. ஆகவே காவலில் பாதியை நிரல் பார்த்தது. மறுபாதியை மனிதன் பார்த்தான்.

அப்படியானால் அது பொற்காலமா? இல்லை என்பேன். 1981-இல் ஐ.பி.எம். கணிப்பொறியின் தொடக்க விலை 1,565 டாலர்; அதுவும் திரையும் பிளாப்பி இயக்கியும் சேராமல். அந்தப் பொற்காலத்தில் என்னைப் போன்றோர்க்கு இடம் ஏது? பயமுறுத்தி விற்கும் வழக்கமும் அன்றே இருந்தது. 1992 மார்ச் 6 அன்று ‘மைக்கேலாஞ்சலோ’ வைரஸ் ஐம்பது இலட்சம் கணிப்பொறிகள் வரை அழிக்கக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. ஆன்டிவைரஸ் விற்பனை பெருகியது. அந்த நாளில் பாதிக்கப்பட்டவையோ அவ்வெண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை.

ஆனால் அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை நாம் மறக்கலாகாது. 1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 பிளாப்பிகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் சென்றன. நம்பி நிறுவியவர்களின் கோப்புப் பெயர்கள் சில காலம் கழித்து உருமாறின. 189 டாலரைப் பனாமாவுக்கு அனுப்பு என்று திரை மிரட்டியது. அந்தக் கேட்டை நீக்கும் நிரலை ஜிம் பேட்ஸ் என்னும் வல்லுநர் எழுதி இலவசமாகவே வழங்கினார். அங்கே பூட்டை உடைத்து எவரும் நுழையவில்லை. முன்பின் அறியாதவர் அனுப்பியதை உரியவரே உள்ளே விட்டனர்.

இன்றும் நடப்பது இதுதான். அஞ்சலுக்குப் பதில் கைப்பேசி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கட்டட வேலை செய்யும் என் தந்தையின் கைப்பேசிக்குச் சென்ற ஆண்டு ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், உடனே இந்தக் கோப்பை நிறுவுக’ என்றிருந்தது. “பாப்பா, இதைத் தொடலாமா?” என்று கேட்டார். தொடவில்லை, பணம் தப்பியது. அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் பிளாப்பியின் வெட்டை மூடிய ஒட்டுத்துண்டு. கேட்க ஆளில்லாத வீடுகள் எங்கள் தெருவில் எத்தனையோ!

படித்தவர்க்கே இது கைவரும் என்று எண்ண வேண்டா. புனே நகரில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் காட்கர், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம்பி சஞ்சயைக் கணினி அறிவியல் படிக்க வைத்தார். பழுதுக்கு வந்த கணிப்பொறிகளில் வைரஸ் இருக்கக் கண்டு, அவற்றை நீக்கும் நிரல்களைத் தம்பி எழுதினார். 1990-களின் நடுவில் அதுவே ‘குயிக் ஹீல்’ ஆன்டிவைரஸாக வளர்ந்தது. படித்த ஒருவனின் அறிவு வீட்டுக்குப் பயன்பட்டது. பின்னர் நாட்டுக்கும் பயன்பட்டது.

நண்பர்களே, பழைய பொறி நமக்கு வேண்டா. அது அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். சோதித்த பின்னரே தொடுதல், அறிந்ததை விலையின்றிப் பிறர்க்கு வழங்குதல் என்னும் பழைய பழக்கங்கள் இரண்டும் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அதோடு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ஓ.டி.பி. எண்ணை எவர்க்கும் சொல்லலாகாது, அறியாதவர் அனுப்பும் கோப்பை நிறுவலாகாது, பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்று ஊராருக்குச் சொன்னால் என்ன? ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும், ஏமாந்து ஓ.டி.பி. எண்ணைச் சொல்லும் வாயை மூடாது. பட்டம் பெறுமுன்னே நாம் ஒவ்வொருவரும் ஒரு தெருவுக்கேனும் காவலாவோம்!