வருவது உரைப்போரும் வருமுன் காப்போரும்

நாளை என்ன நடக்கும்? இவ்வினாவை எழுப்பாத மனிதர் இவ்வுலகில் இல்லை எனலாம். உழவர் வானத்தைப் பார்த்துக் கேட்கின்றார். வணிகர் சந்தையைப் பார்த்துக் கேட்கின்றார். தேர்வெழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவியோ கடவுளையே கேட்கின்றாள்! தனிமனிதர் கேட்கும் இதே வினாவை நாடுகளும் கேட்கின்றன. போர் மூளுமா? பொருள் பெருகுமா? பூமி பொறுக்குமா? இம்மூன்றுக்கும் விடை கூறவென்றே அறிஞர் குழுக்களும், கணிப்பொறிகளும், கட்டுக்கட்டான அறிக்கைகளும் உள்ளன. அமெரிக்க அரசின் தேசிய உளவு மன்றம் 1997 முதல் 2021 வரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'உலகப் போக்குகள்' என்னும் பெயரில் இத்தகைய அறிக்கைகளை வெளியிட்டு வந்தது.

இவற்றை நாம் நம்பலாமா? 'எல்லாம் வெறும் ஆரூடம்' என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். 'கணிப்பொறி சொல்லிவிட்டது, இனித் தப்ப வழியில்லை' என்று அஞ்சி நடுங்குவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே இடத்தில்தான் வழி தவறுகின்றனர் என்பது எம் கருத்து. இருவரும் கணிப்பைச் சோதிடமாக எண்ணுகின்றனர். கணிப்பு சோதிடமன்று, அது எச்சரிக்கை மணி. மணியோசை கேட்டு எழுந்தவர் எத்தனை பேர், எழுந்து என்ன செய்தனர் என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 1968ஆம் ஆண்டு பால் எர்லிக் என்னும் அமெரிக்க உயிரியல் பேராசிரியர் 'மக்கட்தொகைக் குண்டு' என்ற பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். 1970களில் பல கோடி மக்கள் பட்டினியால் மடிவர் என்று அந்நூல் கூறியது. அதற்கு ஓராண்டு முன்பே வெளிவந்த வேறொரு நூல், இந்தியாவைக் காப்பாற்ற இயலாது, அதற்கு உணவு அனுப்புவதே வீண் என்று எழுதியிருந்தது. நடந்தது என்ன? 1964-65இல் நம் நாட்டின் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 120 இலட்சம் டன். 1971-72இல் அது 260 இலட்சம் டன்னைத் தாண்டிற்று. நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை இனங்களும், எம். எஸ். சுவாமிநாதன் போன்ற நம் அறிஞர்களின் உழைப்பும், உழவர்களின் வியர்வையும் சேர்ந்து அந்தக் கணிப்பைப் பொய்யாக்கின.

ஆனால், 'அன்று சொன்னது பொய்த்தது. ஆகவே இன்று சொல்வதும் பொய்க்கும்' என்று வாதிடுவது முறையன்று. பஞ்சம் வரவே இல்லையா? 1974இல் வங்கதேசத்திலும், 1983 முதல் 1985 வரை எத்தியோப்பியாவிலும் மக்கள் பட்டினியால் மடிந்தனர். நம்மைக் காத்த பசுமைப் புரட்சியும் இலவசமாகக் கிடைத்ததன்று. பஞ்சாபின் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே செல்வது அதற்கு நாம் இன்னும் செலுத்திவரும் விலை.

பொருளாதாரத் துறையிலும் இத்தகைய கதை உண்டு. 1980இல் இதே எர்லிக்கும் ஜூலியன் சைமன் என்னும் பொருளியல் அறிஞரும் பந்தயம் கட்டினர். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டுகளில் உயரும் என்றார் எர்லிக். குறையும் என்றார் சைமன். 1990இல் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தபோது உலோக விலை இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பி வைத்தார். சைமன் வென்றார்; ஆயினும் வேறொரு பத்தாண்டைத் தேர்ந்திருந்தால் வெற்றி மறுபக்கம் சாய்ந்திருக்கலாம் என்று பின்னர்க் கணக்கிட்டவர்களும் உண்டு. ஒரு பந்தயத்தின் வெற்றி ஒரு கொள்கையின் வெற்றியாகிவிடாது.

இனிப் பாதுகாப்பைப் பற்றிப் பார்ப்போம். 1963ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, 1970களில் பதினைந்து, இருபது, ஏன், இருபத்தைந்து நாடுகளிடம்கூட அணு ஆயுதம் இருக்கக்கூடும் என்று அச்சம் தெரிவித்தார். அந்த அச்சமே நாடுகளைப் பேச வைத்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968இல் கையெழுத்தாகி 1970இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா உட்படச் சில நாடுகள் அதை ஏற்கவில்லை. அணு ஆயுதம் உள்ளவர், இல்லாதவர் என்று உலகைப் பிரிக்கும் குறையும் அதற்கு உண்டு. இருந்தும் இன்று அணு ஆயுத நாடுகள் ஒன்பதே. தென்னாப்பிரிக்கா தானே செய்த ஆறு குண்டுகளைத் தானே அழித்துவிட்டதாக 1993இல் அறிவித்தது. கென்னடியின் கணிப்பு பொய்த்தது. பொய்த்ததே அதன் வெற்றி!

இதைவிடச் சிறந்த சான்று வானத்தில் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலும் நறுமணத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள், கதிரவனின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினர். தொழில் நிறுவனங்கள் எள்ளி நகையாடின. 1985இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மறு ஆண்டே, முப்பது வயதே ஆன சூசன் சாலமன் என்னும் பெண் அறிவியலாளர் ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பனிக்கண்டத்திற்குச் சென்றார். குற்றவாளி அந்த வாயுக்களே என்பதற்கான சான்றுகளைத் திரட்டி வந்தார். 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் 2066 அளவில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவில் வெளியான 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. மணி அடித்தது, உலகம் எழுந்தது.

மணி அடித்தும் எழாத கதையும் உண்டு. நாம் முதலில் குறிப்பிட்ட 'உலகப் போக்குகள்' அறிக்கைகளுள் ஒன்று 2008 நவம்பரில் வெளிவந்தது. மிக வேகமாகப் பரவும் புதிய சுவாச நோய் ஒன்று 2025க்குள் உலகெங்கும் பரவக்கூடும் என்று அதில் எழுதியிருந்தது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கியபோது, வல்லரசுகளின் மருத்துவமனைகளில்கூட முகக்கவசத்திற்கும் மூச்சுக் கருவிக்கும் தட்டுப்பாடு! எழுதியவர் எழுதினார், படிக்க வேண்டியவர் படித்து அலமாரியில் வைத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எவரும் அடிக்காத மணிகளும் உண்டு. 1989இல் பெர்லின் சுவர் வீழும் என்றோ, 1991இல் சோவியத் ஒன்றியம் கலையும் என்றோ உறுதியாக உரைத்த வல்லுநர் மிகச் சிலரே. 2008இல் உலக நிதி நெருக்கடி வெடித்தபோது, இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்ற எலிசபெத் அரசியார், இதை எவரும் முன்பே ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டாராம். எளிய கேள்வி, மேதைகளைத் திணறடித்த கேள்வி!

அப்படியானால் எதை முன்னுரைக்கலாம், எதை முன்னுரைக்க இயலாது? மெல்ல நகர்ந்து, தன் பாதையைத் தானே காட்டிச் செல்வதைப் பெரும்பாலும் முன்னுரைக்கலாம். 2000ஆம் ஆண்டில் மக்கட்தொகை 600 கோடியைச் சற்றே தாண்டும் என்று ஐ.நா. 1950களின் இறுதியிலேயே கணித்தது, அவ்வாறே ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்குப்பின் தாய்மாராக இருக்கப்போகும் பெண்கள் இன்றே பிறந்துவிட்டனரே! காற்றில் கலந்த கரியமிலவாயுவும் அவ்வாறே. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்கு. 2024இல் 420 பங்கைத் தாண்டிவிட்டது. அவ்வாயு பெருகினால் பூமி சூடேறும் என்பதைக் கணிப்பொறி இல்லாத 1896இலேயே ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் கணக்கிட்டுக் காட்டினார். 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை மிகுந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஆனால் ஒரு தலைவர் எடுக்கப்போகும் முடிவையோ, ஒரு கூட்டம் தெருவில் இறங்கப்போகும் நாளையோ எந்தக் கணக்கும் காட்டாது. பிலிப் டெட்லாக் என்னும் உளவியலாளர் இருபது ஆண்டுகளாக 284 வல்லுநர்களின் கணிப்புகளைச் சேர்த்துச் சரிபார்த்து 2005இல் நூலாக்கினார். ஒரே பெருங்கொள்கையால் அனைத்தையும் விளக்கியவர்களைவிட, பல கோணங்களில் பார்த்துத் தம் ஐயத்தையும் சேர்த்துச் சொன்னவர்களே ஓரளவு சரியாகக் கணித்திருந்தனர். அடக்கம் அழகு மட்டுமன்று, அறிவுமாகும்.

தோழியரே! நாடுகள் எந்தக் கணிப்பை உண்மையாக நம்புகின்றன என்பதை அவற்றின் மேடைப்பேச்சில் தேட வேண்டா. செலவுக் கணக்கில் தேடுவோம். 2024ஆம் ஆண்டில் உலகின் படைச்செலவு ஏறத்தாழ 2,71,800 கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். அதே ஆண்டு பாகு நகர மாநாட்டில், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள வளரும் நாடுகளுக்கு 2035ஆம் ஆண்டளவில் ஆண்டுதோறும் 30,000 கோடி டாலர் திரட்டித் தர வளர்ந்த நாடுகள் முன்னின்று முயலும் என்று உறுதி கூறப்பட்டது. ஒன்று இன்றைய செலவு. மற்றொன்று பத்தாண்டுகளுக்குப் பிந்தைய வாக்குறுதி. வாக்குறுதி முழுதும் நிறைவேறினாலும் அது இன்றைய படைச்செலவில் ஒன்பதில் ஒரு பங்கே! அண்டை நாட்டான் அடிப்பான் என்ற கணிப்புக்குக் கையில் காசு. கடல் ஏறும், மழை பொய்க்கும் என்ற கணிப்புக்குக் கடன் சீட்டு. இதுவே நம் காலத்தின் பெருங்குறை என்போம்.

மற்றொரு குறையும் உண்டு. எச்சரிக்கை யாரைச் சென்று அடைகிறது? 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன்பின் அங்கே புயல் காப்பகங்கள் எழுந்தன. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுடன் நின்றது. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றபோது, கன்னியாகுமரி, கேரளக் கரைகளைச் சேர்ந்த மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். பல நாள் தங்கி மீன் பிடிக்கும் அவர்களுக்குக் கரையிலிருந்து செய்தி சொல்ல வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கடைசிப் படகுக்குச் சென்று சேராத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது.

ஆகவே, எதிர்காலம் உரைப்போரிடம் நாம் மூன்று கேட்போம். உரைப்பதை எண்ணோடும் ஆண்டோடும் உரையுங்கள். பின்னர் நாங்கள் சரிபார்க்க வேண்டும். என்ன செய்தால் தப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசிக் குடிசைக்கும் கடைசிப் படகுக்கும் விளங்கும் மொழியில் சொல்லுங்கள்.

நம் கடமையும் இருக்கிறது. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி அம்மையார், நம் நாட்டின் வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர். ஓசோனை அளக்கும் கருவியையும் உருவாக்கியவர். கருவி பிழையாயின் கணக்குப் பிழை; கணக்குப் பிழையாயின் எச்சரிக்கை பிழை என்பதை அவர் அறிந்திருந்தார். நம் பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் குறித்து வைக்க என்ன செலவாகும்? செய்தித்தாளில் வரும் பெரிய கணிப்புகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் பிரித்துப் பார்க்க என்ன தடை? கணக்கும் புள்ளியியலும் தேர்வுக்காக மட்டுமல்ல, உலகைச் சரிபார்க்கவும்தான் என்று கற்றுக்கொள்வோம்.

இன்று ஆறாம் வகுப்பில் பயிலும் நம் தங்கையருக்கு 2050ஆம் ஆண்டில் முப்பத்தைந்து வயதளவே ஆகியிருக்கும். அறிக்கைகளில் 'எதிர்காலம்' என்று எழுதப்படுவது அவர்களுடைய வாழ்க்கையின் நடுப்பகுதி. அது எப்படி இருக்கும் என்று ஏக்கத்துடன் கேட்டுக்கொண்டிராமல், எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கு ஆவன செய்வோம். அச்சமூட்டும் கணிப்புகளைப் பொய்யாக்குவோம்!