சின்னச் சட்டைக்குள் இருக்கும் பெரிய நேரம்



இம்மாதக் கைத்தொழில் பக்கத்தில் பச்சைப் பிள்ளைகளுக்கான உடுப்புகளையும் சிறு பொருட்களையும் தைத்தும் பின்னியும் விற்பதைப் பற்றிப் பேசுவோம். தைப்பதும் பின்னுவதும் எங்களில் பலருக்குக் கைவந்த வேலை. சிலர் பாடசாலையில் மனையியல் பாடத்தில் படித்தோம், சிலர் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ பழகினோம். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் தையற் பயிற்சி பெற்று, மெஷினும் பெற்றுக்கொண்ட சகோதரிகள் நிறையப் பேர். ஆனால் அந்த மெஷின்களில் எத்தனையோ இன்று ஒரு மூலையில் துணி மூடிக் கிடக்கின்றன. தைக்கத் தெரியாததால் அல்ல. தைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால்.

பிள்ளை உடுப்பு என்றால் பலருக்கும் ஓர் ஆசை வரும். துணி கொஞ்சம் போதும், வெட்டு மிச்சத்திலும் தைக்கலாம், எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம். ஊரில் பிள்ளைப்பேறு இல்லாத மாதமும் இல்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பொறி இருக்கிறது. சட்டை சிறிதாக இருப்பதால் வேலையும் சிறிது என்று வாங்குபவரும் நினைக்கிறார், விற்பவரும் நினைக்கிறார். கழுத்தும் கையும் கரையும் பெரிய சட்டைக்கு உள்ளவைதான். சின்ன வளைவைத் தைப்பது இன்னும் மினக்கேடான வேலை.

"சும்மா இருக்கிற நேரத்தில்"

கிளிநொச்சிப் பக்கம் நடந்த ஒரு விற்பனைக் கண்காட்சியில், தொப்பியும் சொக்ஸும் சேர்ந்த ஒரு குறோசே சோடியை 600 ரூபாவுக்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேசினேன். "இதுக்கு எவ்வளவு நேரம் போகும் அக்கா?" என்று கேட்டேன்.

"நேரமோ? அது நான் சும்மா இருக்கிற நேரத்தில பின்னினது பிள்ளை" என்றார்.

அவருடைய சும்மா இருக்கிற நேரம் எது என்று மெல்லக் கேட்டேன். காலையில் தண்ணீர், சமையல், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது, கோழி, தோட்டம். மாலையில் மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளின் படிப்பு. எல்லாரும் படுத்த பிறகு இரவு 9 மணியிலிருந்து 11 மணிவரை பின்னல். கண் எரியும், பெருவிரல் மரத்துப்போகும் என்றார். குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒரு பெண் நித்திரையைக் குறைத்துச் செய்யும் வேலைக்கு "சும்மா" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இருவரும் சேர்ந்து கணக்குப் பார்த்தோம். நூலுக்கு 250 ரூபா, பைக்கும் றிபனுக்கும் 50 ரூபா. தொப்பிக்கு இரண்டரை மணித்தியாலம், சொக்ஸ் இரண்டுக்கும் இரண்டரை மணித்தியாலம். 600 இல் 300 போக மிச்சம் 300. அதை 5 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 60 ரூபா. 8 மணித்தியாலம் இருந்து பின்னினாலும் நாளுக்கு 480 ரூபாதான்.

இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த நாட்சம்பளம் 2024 இல் 700 ரூபாவாக இருந்தது. 2025 ஏப்ரலில் அது 1,080 ரூபாவாக உயர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபா என்று சட்டம் சொல்கிறது. தொழில் பழகிய ஒரு கைக்கு 480 ரூபா என்றால் அது சம்பளமே அல்ல. கணக்கை முடித்ததும் அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான்தான் வாங்கிற ஆளுக்குக் காசு குடுத்திருக்கிறன்" என்றார்.

நாளுக்கு 1,200 என்றால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா. அந்தச் சோடியின் 5 மணித்தியாலத்துக்கு 750, பொருளுக்கு 300, மொத்தம் 1,050 ரூபா. அந்த விலைக்கு எல்லாரும் வாங்குவார்களா? வாங்கமாட்டார்கள். கடையில் இறக்குமதிச் சோடி அதைவிட மலிவாகத் தொங்குகிறது. எனவே எங்களுக்கு முன்னால் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, கடைப் பொருளில் இல்லாத நன்மை எங்கள் பொருளில் இருக்க வேண்டும். மற்றது, ஒரு பொருளுக்குப் போகும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

தாய் திரும்பி வந்து கேட்கும் பொருள்

எங்கள் வீடுகளில் பிறந்த பிள்ளையை முதலில் பழைய வேட்டியிலோ சேலையிலோதான் சுற்றுவார்கள். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பருத்தித் துணி பிள்ளையின் தோலை உரசாது. இந்த அறிவை எங்கள் தொழிலுக்குள்ளும் கொண்டுவர வேண்டும்.

துணி சுத்தமான பருத்தியாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை தோய்த்துக் காயப்போட்டு எடுங்கள். பருத்தி முதல் தோயலில் சுருங்கும். கடைப் பசையும் அதோடு போய்விடும். தைத்த பின் கஞ்சி போட வேண்டாம்.

தையல் விளிம்பு பிள்ளையின் உடம்பில் படக்கூடாது. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க ஓரமாகத் தைத்து, விளிம்பை ஒட்ட வெட்டி, திருப்பி, அந்த விளிம்பு உள்ளே மறையும்படி இரண்டாம் தையல் போடுங்கள். கழுத்தில் கடதாசி லேபல் ஒட்டாதீர்கள்.

கழுத்திலும் தொப்பியிலும் கட்டும் நாடா வேண்டாம். அது இறுகினால் உயிருக்கே ஆபத்து. ஐரோப்பிய நாடுகளின் தரக்கட்டுப்பாடு 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தலை, கழுத்துப் பகுதியில் நாடாவும் கயிறும் வைக்க இடம் தருவதில்லை. வெளிநாட்டு உறவினருக்கு விற்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டைக்கு இடுப்புப் பக்கத்தில் குட்டை நாடா போதும்.

தெறி, மணி, மினுக்கி எதுவும் வேண்டாம். பிள்ளை எதையும் வாயில் வைக்கும். பொம்மை பின்னினால் கண்ணையும் மூக்கையும் நூலால் தையுங்கள்.

சொக்ஸையும் கையுறையையும் விற்கும் முன் உட்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்கள். தொங்கும் ஒரு நூல் பிள்ளையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். பிள்ளை அழும், காரணம் வெளியே தெரியாது. விரல் நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைப் பின்னலும் ஆகாது.

அளவுக்கு: நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 சென்ரிமீற்றர். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியை 2 சென்ரிமீற்றர் குறைத்துப் பின்னலாம். பாதம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் தலைச் சுற்றளவும் நிறையும் எழுதியிருக்கும், ஓடர் தரும் தாயிடம் அதைக் கேளுங்கள். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்குக் கடையில் பொருத்தமான அளவு கிடைப்பது கடினம். அளவெடுத்துத் தைக்கும் கைக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

விற்கும்போது ஒன்றைச் சொல்லியும் கொடுங்கள். வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ சொன்னாலன்றி, வீட்டுக்குள் நித்திரை கொள்ளும் பிள்ளைக்குத் தொப்பி தேவையில்லை. எங்கள் வெக்கையில் உடம்பு மிகையாகச் சூடாகிவிடும். பின்னல் போர்வை பிள்ளையைத் தூக்கிச் செல்லும்போது சுற்றுவதற்கு. முதலாவது வயது முடியும்வரை படுக்கையில் முகத்தருகே போர்வையோ தலையணையோ வைக்கக்கூடாது. இப்படிச் சொல்லி விற்பவரிடம்தான் அந்தத் தாய் தன் தங்கையையும் அனுப்பிவைப்பாள்.

நேரத்தைக் குறைப்பது எப்படி?

ஒவ்வொரு சட்டையாகத் தைப்பதை விடுங்கள். பத்துச் சட்டையை ஒன்றாக வெட்டி, எல்லாவற்றுக்கும் தோள், பிறகு எல்லாவற்றுக்கும் கை, பிறகு கரை என்று வரிசையாகத் தையுங்கள். 36 அங்குல அகலத் துணி 1 மீற்றரில் பச்சைப் பிள்ளைச் சட்டை 3 வெட்டலாம். பத்துக்கு மூன்றரை மீற்றர் போதும். மீற்றர் 600 ரூபா என்று வைத்துக்கொண்டால் துணி 2,100, நாடாவும் நூலும் 300. பத்துச் சட்டைக்கும் ஒரு முழுநாள், அதாவது 8 மணித்தியாலம், 1,200 ரூபா. மொத்தம் 3,600. ஒரு சட்டைக்கு 360. பஸ் செலவு, பை, மெஷின் பழுது எல்லாவற்றுக்கும் ஒரு 50 ரூபா சேர்த்தால் 410 ரூபா. இதற்குக் கீழே விற்றால் உங்கள் நேரத்தை நீங்களே கழித்துவிடுகிறீர்கள். இவை உதாரணத்துக்குச் சொன்ன விலைகள். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

குறோசேயை முழுச் சட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம். வன்னி வெயிலுக்கு அது பாரம். தைத்த சட்டையின் கழுத்துக் கரையிலும் கை நுனியிலும் மெல்லிய பருத்தி நூலால் ஒரு வரி றேந்தை பின்னிவிட்டால் போதும். நப்பித் துணி, சட்டை, விரிப்பு மூன்றுக்கும் ஒரே நிறத்தில் கரை பின்னி ஒரு பொதியாக்கினால், 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பரிசு தேடுபவர் விரும்பி வாங்குவார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குளிர் நாட்டுக்குக் கொண்டுபோக முழுப் பின்னற் சோடிகளைத் தேடுவார்கள். 1,050 ரூபாச் சோடிக்கு உரிய சந்தை அதுதான். ஓடர் எடுத்துப் பின்னுங்கள்.

கூடிச் செய்த பெண்கள்

ஒருத்தி தனியே எல்லாம் செய்யத் தேவையில்லை. இதற்கு வேறொரு நாட்டில் நடந்த கதை ஒன்றுண்டு. அயர்லாந்தில் 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்குப் பயிரில் நோய் பரவிப் பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் அவ்வளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் குளோன்ஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹான்ட் என்ற பெண்மணி 1847 இல் ஊர்ப் பெண்களுக்குக் குறோசே பழக்கினார். ஓர் ஊசியும் நூலும்தான் முதல். ஒரு வீட்டார் பூ மட்டும் பின்னினார்கள், இன்னொரு வீட்டார் இலை மட்டும். கைதேர்ந்த சிலர் அவற்றை இணைத்துப் பெரிய றேந்தையாக்கினார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த கை வேகமும் நேர்த்தியும் பெற்றது. பின்னர் மெஷினில் செய்த மலிவு றேந்தை வந்ததும் அந்தச் சந்தை சுருங்கியது. மெஷினோடு மலிவில் போட்டிபோட எந்தக் கையாலும் முடியாது. தரத்திலும் அளவிலும் நம்பிக்கையிலும்தான் நாங்கள் நிற்கலாம்.

உங்கள் மாதர் சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். ஒருவர் வெட்ட, இருவர் தைக்க, ஒருவர் கரை பின்ன, ஒருவர் சரிபார்த்து மடித்துப் பொதி செய்யலாம். கை ஏலாதவர், பார்வை குறைந்தவர் ஆகியோருக்கும் இதில் இடம் உண்டு. விலையையும் ஐவரும் சேர்ந்தே தீர்மானியுங்கள். ஒருவர் மட்டும் குறைத்துக் கொடுத்தால் மற்ற நால்வரின் நேரமும் கழிந்துபோகும்.

இங்கே ஒன்றை மெல்லச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த சகோதரிகள் எங்கள் குழுக்களில் இருக்கிறார்கள். சிலருக்கு அந்தச் சின்னச் சட்டையைக் கையில் எடுப்பது ஆறுதல். சிலருக்கு அது தாங்க முடியாத வேலை. யாரையும் வற்புறுத்தாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். விரிப்புத் தைக்கவோ கணக்கு எழுதவோ விட்டுவிடுங்கள். பங்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடனும் கொப்பியும்

புது மெஷினுக்கென்று கிழமைக் கடன் எடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் இருக்கும் மெஷினைத் திருத்துங்கள், அல்லது குழுவாக ஒன்றைப் பாவியுங்கள். நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாட்டினால் 2018 இல் அரசே ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. கடன்காரர் கிழமைக்குக் கிழமை வருவார், பிள்ளைச் சட்டை அப்படி விற்காது.

விலையை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. துணி ஏறியது, நூல் ஏறியது. சட்டையைப் பழைய விலைக்கே விற்றவர்களுக்குக் கை முதலும் போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

இதற்கு ஒரு சின்னக் கொப்பி போதும். ஒரு பக்கத்தில் பொருளின் பெயர், துணி, நூல், மற்றச் செலவு. அடுத்த பக்கத்தில் தொடங்கிய நேரம், முடித்த நேரம். இடையில் பிள்ளை கூப்பிட்டு எழும்பினால் அந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். ஒரு மாதம் எழுதினால் எந்தப் பொருள் உங்களுக்குச் சோறு போடுகிறது, எது நித்திரையைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

"ஏன் இந்த விலை?" என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். துணி இவ்வளவு, நூல் இவ்வளவு, என் நேரம் இவ்வளவு என்று சொல்லுங்கள். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். வாங்குபவர் உங்கள் வேலையின் பெறுமதியைத் தெரிந்து வாங்குவார்.