கடன் நஷ்டஈடு ஆகாது

பொதுக்காரியம் ஒன்றின் பொருட்டு ஒருவருடைய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமானால், அந்த நிலத்தின் விலையையும், அவர் இடம்பெயர நேர்வதால் உண்டாகும் நஷ்டத்துக்கு ஈட்டையும் கொடுத்தே தீர வேண்டும் என்பது, 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்ட தர்மம். நிலத்தைப் பறிகொடுத்தவரிடம் ஒரு கடன் பத்திரத்தை நீட்டி, 'நாலு வருஷத்தில் வட்டியோடு கட்டிவிடு' என்று சொல்லக்கூடிய அதிகாரி எவரும் இல்லை. ஆனால் 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்டு, நாலே மணி நேர அவகாசத்தில் அமலுக்கு வந்த தேசிய ஊரடங்கில், நிலத்துக்குப் பதிலாகத் தொழில் நடத்தும் நாட்கள் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, ஏறக்குறைய அதுவே நடந்தது.

ஊரடங்கே கூடாது என்று வாதிப்பது என் நோக்கமன்று. வைத்திய சாஸ்திரமே தடுமாறி நின்ற அந்தச் சந்தர்ப்பத்தில் அந்த உத்தரவு உசிதமானதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், எல்லோருடைய க்ஷேமத்துக்காகவும் செய்யப்பட்ட ஒரு காரியத்தின் செலவைச் சிலர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி, 23.9 சதவீதம் சுருங்கியது. இந்தச் சராசரிக்குள் மாதச் சம்பளம் குறையாமல் வாங்கியவர்களும் உண்டு, கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களின் பெயர்கள்தாம் வெளியே தெரிகின்றன. ஆனால் ஒரு பனியன் உருவாவது நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன் என்று கைமாறிக் கைமாறிச் செல்லும் ஜாப் ஒர்க் கூடங்களின் வழியாகத்தான். வாடகைக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு மெஷின்களைப் போட்டுக்கொண்டு, சனிக்கிழமைதோறும் சம்பளம் பட்டுவாடா செய்கிற பவர் டேபிள்காரருக்குப் பெட்டியில் பூட்டிவைத்த மூலதனம் ஏது? போன மாதம் தைத்துக் கொடுத்த சரக்குக்கு இந்த மாதம் வரவேண்டிய பில் தொகையே அவருடைய மூலதனம். அந்த 'ரொட்டேஷன்' ஓடுகிற வரையில் அவர் முதலாளி, நின்றுவிட்டால் கடனாளி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டு, அந்நாட்டு வியாபாரிகள் ஆர்டர்களை ரத்துசெய்தும் ஒத்திப்போட்டும் எழுதிய கடிதங்கள், ஏற்றுமதியாளரின் மேஜையிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் இந்த மனிதருடைய பில்லின்மேல்தான் வந்து விழுந்தன. வாடகை நிற்கவில்லை, மின்வாரியத்தின் நிலைக்கட்டணம் நிற்கவில்லை, மெஷின் வாங்கிய கடனுக்கு வட்டியும் நிற்கவில்லை. ஒருவழியாகக் கதவைத் திறக்க அனுமதி வந்தபோது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அவரிடம் வேலை பார்த்தவர்கள் தொழிலாளர்களுக்கென்று விடப்பட்ட ஷ்ராமிக் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இதனிடையே, மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவொன்று, மூடிக்கிடக்கும் நாட்களுக்கும் தொழிலாளிக்கு முழுச் சம்பளம் கொடுத்தாக வேண்டுமென்று முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. தொழிலாளி பட்டினி கிடக்கலாகாது என்பதில் யாருக்கு ஆட்சேபம்? ஆனால் அந்தத் தொகையில் ஒரு பைசாவையும் தான் ஏற்காமல், கடையை மூடச்சொன்ன அதே வாயால், மூடிய கடைக்காரரைப் பார்த்துத் தர்மம் செய்யச் சொன்னதில்தான் விநோதம் இருக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மே 18 முதல் அந்த உத்தரவும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

பிறகு வந்தது நிவாரணம், கடன் ரூபத்தில். சிறுதொழில்களுக்கென்று அறிவிக்கப்பட்ட மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டத்தின்படி, பிப்ரவரி 29-ஆம் தேதியன்று ஒருவருக்கு எவ்வளவு கடன் பாக்கியிருந்ததோ, அதில் 20 சதவீதம் வரையில் அடமானமின்றி மேலும் கடன் கிடைத்தது. அரசின் முழு உத்தரவாதம் இருந்ததால் வங்கிகளும் தயங்காமல் கொடுத்தன. பல நிறுவனங்கள் அதனால் பிழைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அளவுகோலைக் கவனியுங்கள்: ஏற்கெனவே கடன் வாங்கியவருக்கே கடன். கடனே வாங்காமல் கைப்பணத்தில் தொழில் நடத்திய நாணயஸ்தருக்கும், வங்கியின் வாசலையே மிதித்திராமல் தண்டல்காரரிடம் வாங்கிப் பிழைத்த டீக்கடைக்காரருக்கும் அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை. ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பிலும் அசல் காத்திருந்ததே தவிர, வட்டி காத்திருக்கவில்லை. தெருவோர வியாபாரிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றார்கள்; அதுவும் கடனே. குடும்ப அட்டைக்கு மாநில அரசு ஆயிரம் ரூபாய் தந்தது, இலவச அரிசியும் வந்தது; வயிற்றுக்கு ஆயிற்று, தொழிலுக்கு ஆகவில்லை.

பிரிட்டனில் வேலையின்றி வீட்டிலிருந்த ஊழியருக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுன் என்ற உச்சவரம்புக்குள், அரசாங்கமே கொடுத்தது. சிறு கடைகளுக்குத் திருப்பித் தர வேண்டாத மானியமும் உண்டு. அமெரிக்காவில், வாங்கிய பணத்தைச் சம்பளத்துக்குச் செலவிட்டால் அந்தக் கடனையே தள்ளுபடி செய்தார்கள். இரண்டு தேசங்களிலும் மோசடிகள் நடந்தன. அவர்களுடைய கஜானாவும் நம்முடையதும் ஒன்றல்ல. நான் கேட்பது அத்தனை தாராளமுமன்று. கடமை என்று ஒப்புக்கொண்டு கொஞ்சம் கொடுப்பதற்கும், தயவென்று சொல்லி நிறையக் கடன் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நம்முடைய சட்டத்திலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஊரடங்குக்கு அடிப்படையான 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில், 12-ஆம் பிரிவு உயிரிழப்புக்குக் கருணைத்தொகையையும், அதே வாக்கியத்தில் ஜீவனோபாயத்தை மீட்பதற்கான உதவியையும் குறிப்பிடுகிறது. கடன் சலுகைகளைப் பற்றியோ தனியாக 13-ஆம் பிரிவு பேசுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள். அந்த 12-ஆம் பிரிவைக் கொண்டுதான் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கருணைத்தொகை நிர்ணயிக்கும்படி சொல்லிற்று; பின்பு அது ஐம்பதாயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. முதல் பாதிக்கு உயிர் உண்டென்றால் பின்பாதிக்கும் உண்டு.

ஜி.எஸ்.டி. கணக்கு, உத்யம் பதிவு, உள்ளாட்சியின் தொழில் உரிமம், தெருவோர வியாபாரிகளின் அடையாள அட்டை ஆகியவை இன்று அரசாங்கத்தின் கையிலேயே இருக்கின்றன. இவற்றைக் கொண்டு, உத்தரவால் மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகையிலும் நிலைக்கட்டணத்திலும் எத்தனை பங்கைப் பொதுப்பணம் ஏற்கும் என்று, கொள்ளைநோய் எதுவும் இல்லாத இந்தக் காலத்திலேயே ஒரு விதியை எழுதிவிடலாம். அவ்வாறு எழுதிவைத்தால் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. எந்தக் கடையை மூடுவது, எத்தனை நாள் மூடுவது என்று தீர்மானிக்கிறவர்கள், கிராமத்து முடிதிருத்தகத்தைக்கூட 2020 மே 19 வரையில் பூட்டிவைத்தது போல இன்னொரு முறை செய்வதற்கு முன்னால், அந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்தாக வேண்டியிருக்கும்.